அந்த வாத்து தூங்கிக்கொண்டிருந்தது

சாமி,

தையில் உனக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்து வந்துவிட்டது, சொந்தபந்தங்களுக்கு நேரில் போய் வைத்துக்கொண்டிருக்கிறோம். பெண்ணைப் பெற்றவன் இந்த நேரத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதுவானா என்று உன் அம்மாவே கேட்டாள். போனில் பேசலாம்தான். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேசுகிற லட்சணம் உனக்கே தெரியும். சாப்பிட்டாயா என்பேன், சாப்பிட்டேன் என்பாய், அங்கே பனி எப்படி என்பேன், பரவாயில்லை என்பாய், அதோடு முடிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். ராசிபுரத்தில் உன் மாமா வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோயமுத்தூருக்குப் போவதற்கு முன்னால், பனிக்காலம் வந்தால் நீ தங்குவாயே, அதே அறை. கோழிப் பண்ணையை விட்டுவிட்டு மார்கழியில் நான் ஏன் இங்கே வந்து கிடக்கிறேன் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கோயமுத்தூரிலிருந்து நேராக நாமக்கல் மண்டபத்துக்கே வந்துவிடுவதாக உன் அம்மாவிடம் சொன்னாயாம். வீட்டுக்கு வரவில்லையாம். “மார்கழி பூரா ஏரியிலதாம்மா இருப்பேன், ஊட்டுக்கு எப்படி வர்றது, அப்பா போட்ட சட்டம்தானே” என்றாயாம். கோபமாகச் சொன்னாளா என்று கேட்டேன். இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள் என்றாள் உன் அம்மா. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்ச நாள் ஏரிப் பக்கம் போகாமல் இருந்துவிட்டு வீட்டுக்கு வரலாமே என்று அவள் கேட்டதற்கு, வரித்தலை வாத்து வருவதே அந்த நாளில்தான் என்று சொல்லிவிட்டாயாம். ஆக, நலங்கு வைக்க நீ வீட்டில் இருக்கமாட்டாய். முகூர்த்தக்கால் போடும்போது இருக்கமாட்டாய். பிறந்த வீட்டு வாசலில் இருந்து கிளம்பாமல் என் மகள் வாடகை மண்டபத்திலிருந்து புகுந்த வீட்டுக்குப் போவாள். இதை நினைத்து உன் அம்மா அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நான் அழுததையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்புகிற கையோடு நம் பக்கத்துப் பண்ணைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். உன் சித்தப்பா படிக்கட்டும், எல்லாரும் படிக்கட்டும். நீ எடுத்த படத்தை நான் போட்டது அந்தக் குழுவில்தான். அங்கே போட்டதை அங்கேயேதான் சரிசெய்ய வேண்டும்.

நீ காலேஜ் முடித்த வருஷம் கேமராவோடு வந்து இறங்கினாய். உனக்கு முன்னால் நம் குடும்பத்தில் கேமராவைத் தொட்டவர்கள் கல்யாண வீட்டில் போட்டோ பிடிக்க வந்தவர்கள் மட்டும்தான். நான் உன்னைக் கிண்டல் செய்தேன். அத்தனை கோழி ஷெட்டுக்குள் சும்மா நிற்கிறது, அதைப் பிடி, அசையாமல் போஸ் கொடுக்கும் என்றேன். நீ சிரித்துக்கொண்டே விடியும் முன் எழுந்து போய்விடுவாய். பனியில் கொல்லிமலையின் அடிவாரம் மறைந்து மேல்முகடு மட்டும் தனியாக மிதக்கிற மாதிரி ஒரு படம் எடுத்தாயே, நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை, அப்படி ஒரு நாளும் கவனித்ததில்லை. மரவள்ளிக் காட்டில் இலைக்கு இலை பனி கோத்த சிலந்தி வலை, அறுத்துப் போட்ட சோளக்காட்டில் தாழப் பறந்த பூனைப்பருந்து, நம் கம்பி வேலியில் வரிசையாக உட்கார்ந்திருந்த தகைவிலான் குருவிகள். ஏன் சாமி பனிக்காலத்தில் மட்டும் இப்படி ஓடுகிறாய், வெயில் காலத்தில் என்ன வந்தது என்று கேட்டேன். மழை தூசியையெல்லாம் கழுவிவிட்டிருக்கும், சூரியன் உச்சிக்கு ஏறாமல் சாய்ந்தே போகும், வெளிச்சம் பக்கவாட்டில் வரும் என்றாய். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்துகொண்டு, “முட்டையை லைட்டுக்கு முன்னால புடிச்சுப் பாக்குறீங்கல்லங்கப்பா, உள்ள இருக்கறது தெரியுதில்ல, அதேதான்” என்றாய். அன்றைக்குத்தான் நீ செய்கிற வேலை எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. அதைச் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டுத் தீவனம் வந்த லாரியைப் பார்க்கப் போய்விட்டேன்.

சட்டத்தைப் பற்றி நேர்மையாகவே எழுதுகிறேன். அது தப்பான சட்டம் இல்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கோ வேறு மாநிலத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. நம் பக்கம் ஒரு கோழிக்கும் ஒன்றும் இல்லை. ஆனாலும் முட்டை வாங்க ஆள் இல்லை. லாரிகள் ஷெட்டுக்கு வெளியே சும்மா நின்றன. அடுக்கி வைக்க இடம் இல்லாமல் நம் வீட்டுக் கூடத்தில் கட்டிலைத் தூக்கி நிறுத்திவிட்டு முட்டை அட்டையை அடுக்கினோம். காலையில் முட்டைக் குழம்பு, மத்தியானம் முட்டைப் பொரியல், ராத்திரி முட்டைத் தோசை. முட்டை என்ற பேச்சைக் கேட்டாலே நீ வேப்பமரத்தடிக்கு ஓடிவிடுவாய். இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு நானும் உன் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். அந்தப் பயம் என் உடம்பை விட்டுப் போகவே இல்லை. ஏரிக்கு வருகிற வாத்தின் எச்சம் செருப்பில் ஒட்டி வந்தாலே போதும், பண்ணை போய்விடும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டவன் நான். நம் வீடோ பண்ணைக்குள்ளேயே, ஷெட்டுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே பத்தடி இருந்தால் அதிகம்.

முதல் வருஷம் வெளியே மோட்டார் ரூமில் குளித்து, துணி மாற்றி, மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டு வந்தால் போதும் என்று விட்டேன். அடுத்த வருஷம் அதுவும் பயமாகிவிட்டது. கார்த்திகை பிறந்தால் மாசி முடிகிற வரை ஏரிக்குப் போகிறவர்கள் யாரும் கேட்டுக்குள் வரக்கூடாது என்றேன். யாரும் என்று சொன்னேனே தவிர, ஏரிக்குப் போவது நீ ஒருத்திதான். நீ வாதாடவில்லை. பண்ணையில் வளர்ந்த பிள்ளை, உனக்குக் காரணம் தெரியும். பையைத் தூக்கிக்கொண்டு ராசிபுரம் மாமா வீட்டுக்குப் போனாய். ஏரிக்குப் போகாமல் இருந்துவிடுவாய் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். மகளா பண்ணையா என்று என்னையே கேட்டுக்கொள்ளாமல், வீடா ஏரியா என்று உன்னிடம் கேட்டேன், நீ ஏரி என்று சொன்னதும் மனசுக்குள் கறுவிக்கொண்டேன். அந்தக் கறுவல் சட்டத்தில் சேர்ந்ததில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் படித்தபோதும் உன்னை நாங்கள் கேட்டில்தான் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கூடையோடு நானும் உன் அம்மாவும் வெயிலில் வெளியே நிற்போம், நீ உள்ளே இருந்து ஓடி வருவாய். காலேஜ் முடித்து வந்த பிறகு அது தலைகீழாகிவிட்டது. நீ வெளியே, நாங்கள் உள்ளே. ராசிபுரத்திலிருந்து வாரத்துக்கு ஒரு தரம் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பாய். உன் அம்மா கம்பிக்கு நடுவே டப்பாவை நீட்டுவாள். போன டப்பா உள்ளே திரும்பி வரக்கூடாது என்பதால் வீட்டில் இருந்த எவர்சில்வர் எல்லாம் மாமா வீட்டுக்குக் குடிபோய்விட்டது என்று அவள் இன்றைக்கும் குறைப்படுவாள். நீ கேமராவைத் திருப்பிப் பிடித்து அதன் சின்னத் திரையில் அவளுக்கு ஒவ்வொரு படமாகக் காட்டுவாய். அவள் கம்பியில் நெற்றியை வைத்துப் பார்ப்பாள். நான் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, சாப்பிட்டாயா என்று சத்தமாகக் கேட்பேன். கேட் வரைக்கும் நடந்து வந்து அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கலாம். யாராவது என் காலைக் கட்டிப்போட்டிருந்தார்களா, இல்லை. நீ காட்டினாய், நான் வரவில்லை. அதனால்தான் போனில் அனுப்ப ஆரம்பித்தாய் என்று நினைக்கிறேன்.

அப்படி வந்ததுதான் அந்த வாத்துப் படம். பனியில் கரையோரமாக ஓர் ஊசிவால் வாத்து ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. இறகெல்லாம் உப்பி, கழுத்தைச் சுருக்கி, அலகை முதுகுக்குள் செருகியிருந்தது. பின்னால் இருந்து வந்த வெயில் அந்த இறகின் ஓரத்தை மட்டும் தொட்டிருந்தது. இந்த வருஷம் நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான் அப்பா என்று கீழே எழுதியிருந்தாய். அந்த வாரம் குளிர் தாங்காமல் நம் மூன்றாம் ஷெட்டில் சில கோழிகள் சோர்ந்திருந்தன. படுதாவை இறக்கிக் கட்டிக்கொண்டே, ஷெட்டுக்குள் நின்றபடி படத்தைத் திறந்தேன். பகலில் ஒரு கோழி முடியைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தைச் சுருக்கி நின்றால் முதல் வேலையாக அதைத் தனியே எடுத்து வைப்பவன் நான். முப்பது வருஷமாக இந்தக் கண்ணுக்கு இருக்கிற பழக்கம் அது ஒன்றுதான். வாத்துக்குச் சீக்கு என்று முடிவு கட்டிவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. ‘நம்ம ஏரியில் சீக்கு வாத்து, எல்லாரும் உஷார்’ என்று எழுதிப் படத்தைக் குழுவில் போட்டேன். கூடவே ‘என் மகள் எடுத்த படம்’ என்றும் எழுதினேன். அதில் பெருமை இருந்தது சாமி. உன் படத்தை நான் நாலு பேருக்குக் காட்டியது அதுதான் முதல் தடவை, அதைக் காட்டிய லட்சணம் அப்படி.

மத்தியானத்துக்குள் அந்தப் படம் நாமக்கல்லைத் தாண்டிப் போய்விட்டது. எந்த ஏரி, எந்தக் கரை என்று கேட்டவர்களுக்கெல்லாம் நானே வழி சொன்னேன். மறுநாள் காலையில் தீபாவளிக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த பட்டாசுகளோடு ஆட்கள் ஏரிக்குப் போனார்கள். அதில் பாதிப் பேர் நம் சொந்தக்காரர்கள். வெடிச் சத்தம் நம் ஷெட் வரைக்கும் கேட்டது. கோழிகள் மிரண்டு கூண்டில் மோதிக்கொண்டன. வெளியே வந்து பார்த்தேன், வானம் முழுக்கப் பறவை. ஏரிக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தன, இறங்க இடம் இல்லாமல் மறுபடி சுற்றின, பிறகு தெற்கே போய்விட்டன. அப்பாடா என்று நினைத்தேன். அதுதான் என் வாயில் வந்த வார்த்தை. பிறகு கால்நடை டாக்டர் வந்து கரையில் எச்சத்தை எடுத்துக்கொண்டு போனார். ஒரு நோயும் இல்லை என்று சில நாளில் தகவல் வந்தது. அதைக் குழுவில் யாரும் போடவில்லை. நானும் போடவில்லை.

பட்டாசு வெடித்த அன்றைக்கு நீ கேட்டுக்கு வந்தாய். உன்னோடு படம் எடுக்கிறவர்கள் முந்தின இரவெல்லாம் உனக்குப் போன் செய்து திட்டியிருக்கிறார்கள். பறவை இருக்கிற இடத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது உங்களுக்குள் ஒரு கட்டுப்பாடாம், நீயே காட்டிக்கொடுத்துவிட்டாய் என்றார்களாம். இதெல்லாம் எனக்கு உன் அம்மா பிறகுதான் சொன்னாள். அன்றைக்கு நீ என்னிடம் அதில் ஒன்றையும் சொல்லவில்லை. நான் சட்டையில் சுண்ணாம்புத் தூளோடு ஷெட்டிலிருந்து வந்தேன். நீ கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய்.

“அது தூங்கிட்டு இருந்துச்சுங்கப்பா” என்றாய்.

அதற்கு நான் சொன்ன பதில் உனக்கு நினைவில்லாமல் இருக்காது. “கேட்டைத் தொடாதே சாமி” என்றேன். கோபத்தில் சொல்லவில்லை. பழக்கத்தில் வாய் அதைச் சொல்லிவிட்டது. ஏரிக்குப் போன கை கம்பியில் இருக்கிறது, நான் கண்டது அதைத்தான். நீ கையை எடுத்தாய். பேன்ட்டில் துடைத்துக்கொண்டாய். நான் நோயாளியைப் பார்ப்பது போல உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ திரும்பி நடந்து பஸ் ஏறப் போனாய். அதற்குப் பிறகு நீ எனக்கு ஒரு படமும் அனுப்பவில்லை. ஆடியில் வருவாய், ஒரு நாள் தங்குவாய், கேட்டைத் தொடாமல் வாட்ச்மேன் திறக்கும் வரை நிற்பாய். வெயில் காலத்திலும் நீ அப்படி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உள்ளே போய்விடுவேன். ஷெட்டில் வேலை செய்கிற பயல்களை அதட்டத் தெரிந்தவனுக்கு, பெற்ற மகளிடம் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

நீ வீட்டுக்கு வரமாட்டாய் என்று உன் அம்மா சொன்ன மறுநாள் விடியும் முன் எழுந்து ஏரிக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. மார்கழியில் நான் அந்தக் கரையில் கால் வைத்ததே இல்லை. பனி என்றால் அப்படி ஒரு பனி, எதிரே என் கையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன், வெறும் வெள்ளை. துடைத்துவிட்டு மறுபடி பிடித்தேன், அதுவும் வெள்ளை. நீ காரிலிருந்து இறங்கியதும் கேமராவைப் பையைவிட்டு உடனே எடுக்கமாட்டாயாம், ஈரக்காற்று பட்டதும் கண்ணாடியில் வேர்த்துவிடும், கொஞ்ச நேரம் அது பழகட்டும் என்று காத்திருப்பாயாம். உன் அம்மா சொல்லித்தான் இதுவும் எனக்குத் தெரியும். உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவள் வழியாக வந்ததுதான்.

வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால் ஏரியில் வாத்து இருந்தது. முன்பு போல இல்லை. அங்கொன்று இங்கொன்று. ஆனால் இருந்தது. கரையோரமாக ஒன்று, நீ எடுத்த படத்தில் இருந்த அதே மாதிரி, ஒற்றைக் காலில் உப்பி நின்றது. சீக்கு என்றுதான் அப்போதும் என் மனசு முதலில் சொன்னது. பழக்கம் எங்கே போகும். ஆனால் அன்றைக்கு அப்படியே திரும்பிப் போக எனக்கு மனசு வரவில்லை. ஈர மண்ணில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டேன். முட்டி குளிரில் விண்விண் என்றது. ஷெட்டில் ஒரு இடத்தில் நிற்காத நான், ஒரு வாத்து என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தது, மூடிக்கொண்டது. கோழி மாதிரி பகலில் மேய்ந்து இரவில் அடைவதில்லையாம் அது. ராத்திரியெல்லாம் மேய்ந்துவிட்டுப் பகலில்தான் தூங்குமாம். அந்தக் கால்நடை டாக்டர் அன்றைக்கே சொன்னார், என் காதில்தான் ஏறவில்லை. வெயில் முதுகில் பட்டதும் அது தலையை வெளியே எடுத்தது. மடக்கிய காலையும் அதே பக்கத்து இறக்கையையும் சேர்த்துப் பின்னால் நீட்டி ஒரு நெட்டி முறித்தது. சாமி, என் கோழிகள் தினமும் காலையில் அப்படித்தான் நீட்டும். சீக்குப் பிடித்தது அப்படி நீட்டாது. எனக்குத் தெரியாததா அது. உன் படத்தைப் பார்த்த அன்றைக்கு, இதற்கு அடுத்த படம் எங்கே சாமி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், நீ அனுப்பியிருப்பாய். நீ அடுத்த படம் எடுக்காமல் வந்திருக்கமாட்டாய் என்று எனக்கு நிச்சயம்.

உனக்கு நான் புத்தி சொல்லும் யோக்கியதை குறைவுதான், இருந்தாலும் கல்யாணம் ஆகப்போகிறவளுக்கு இந்த ஒன்றைச் சொல்கிறேன். மாப்பிள்ளை ஒரு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கழுத்தைச் சுருக்கி உட்கார்ந்திருப்பார். பார்த்ததும் இன்னதுதான் என்று முடிவு கட்டிவிடாதே. நாலு பேருக்குச் சொல்லிவிடாதே. அவருக்கு வெறும் தூக்கமாகக்கூட இருக்கலாம். நம் குடும்பத்துக் கண்ணை நம்பவே முடியாது. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை, ராசிபுரம் மாமா வீட்டுக் காட்டு வரப்பில் தும்பைப் பூவைப் படம் எடுக்கக் குப்புறப் படுத்திருக்க, மயங்கி விழுந்துவிட்டார் என்று உன் மாமா சொம்புத் தண்ணீரோடு ஓடியதை மறந்திருக்கமாட்டாய். ஒரு பூவுக்காக அவ்வளவு நேரம் மண்ணில் கிடப்பவர் உன்னைப் பொறுமையாகப் பார்ப்பார் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. உன்னிடம் நான் பார்க்காததை அவர் பார்க்கட்டும்.

ஏரியிலிருந்து திரும்பிக் கேட்டுக்கு வந்தேன். செருப்பில் ஏரிச் சேறு. வாட்ச்மேன் ஒடிசாக்காரர், புதிதாக வந்தவர், சட்டத்தைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். என் செருப்பைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், திறப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சாவியை வைத்துக்கொண்டு நின்றார். அதட்டினால் திறந்திருப்பார். எனக்கு அதட்ட வாய் வரவில்லை. நீ நின்ற இடத்தில் நான் நின்றேன். கம்பியைத் தொடக் கை போனது, எடுத்துக்கொண்டேன். அந்த இடத்தில் நின்றால் வீட்டு வாசல் இவ்வளவு கிட்டத்தில் தெரியும் என்று எனக்குத் தெரியாது. உன் அம்மா வாசலில் இருந்து என்னைப் பார்த்துவிட்டு மெதுவாக நடந்து வந்தாள். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நிதானமாகத்தான் கேட்டாள்.

“ஏனுங்க, அவ உள்ள வரக்கூடாதுன்னுதானுங்க சட்டம் போட்டீங்க. நீங்க வெளிய போகக்கூடாதுன்னு ஆரு போட்டது?”

அவள் கேட்டது சரிதான் சாமி. இத்தனை பனிக்காலமும் நீ வருவதற்கு வழி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு வழி இருந்தது. ராசிபுரம் எவ்வளவு தூரம், பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். இந்த மாடி அறையில் உன்னோடு ஒரு வாரம் தங்கியிருக்கலாம். நீ வெளிச்சம் வருவதற்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். பண்ணையை யார் பார்ப்பது என்பேன். உன் சித்தப்பா கேட்டுக்கொண்டேதான் இருந்தார், அண்ணா நான் பார்த்துக்கிறேனுங்க என்று. பண்ணைக்காக உன்னை விட்டேன் என்று இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம். நீ விட்டுக்கொடுத்து உள்ளே வரவேண்டும் என்று காத்திருந்தேன். மீதிப் பாதி அதுதான். உன் இருபதுகளில் எத்தனை மார்கழி அப்படியே போய்விட்டது. அதில் ஒன்றையாவது திருப்பிக் கொடுக்க என்னிடம் வழி கிடையாது.

அன்றைக்கு நான் உள்ளே போகவில்லை. அங்கிருந்தே பஸ் ஏறி இங்கே வந்துவிட்டேன். கல்யாணம் முடிகிற வரை பண்ணையை உன் சித்தப்பா பார்ப்பார். அவருக்குப் படுதாவை எப்போது தூக்குவது, எப்போது இறக்குவது என்று தெரியாது, காலையும் சாயங்காலமும் போன் செய்து உயிரை வாங்குகிறேன், அவரும் பொறுத்துக்கொள்கிறார். நாளைக்கு உன் அம்மாவும் இங்கே வருகிறாள். சட்டத்தை நான் மாற்றவில்லை, நீயும் மாற்றச் சொல்லமாட்டாய். அந்தக் கேட்டுக்குள் பிழைப்பவர்கள் நம் வீட்டார் மட்டும் இல்லை. ஆனால் முகூர்த்தக்காலைக் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் நம் சோளக்காட்டு முனையில் போடச் சொல்லிவிட்டேன். பந்தலும் அங்கேதான். வீட்டுக்கு வெளியே காட்டில் நலங்கு வைப்பார்களா என்று சொந்தத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். குழுவில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன், அந்த ஏரியில் சீக்கு வாத்து இருந்ததில்லை, நான் சொன்னது தப்பு, பட்டாசு வெடிக்கவும் நான்தான் காரணம். என் மகள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

நீ வந்தால் அந்தப் பந்தலில் உன் அம்மா மஞ்சள் பூசுவாள். வர மனசு இல்லை என்றால் நான் வற்புறுத்தமாட்டேன், அந்த உரிமையை நான் ஏற்கெனவே தொலைத்துவிட்டேன். ஆனால் கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, நீ எங்காவது ஒரு கரையில் விடியலுக்குக் காத்துக்கொண்டுதான் இருப்பாய். எந்த ஏரின்னு மட்டும் சொல்லு சாமி. அப்பா வாரேன்.